ஒரு கூடுதல் பள்ளம்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நான் பேருந்தில் பாதி வழியில் இருந்தேன். என் மனைவி போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்ன பிறகும், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை போனேன். ஒன்பது வாரமாகிறது.

இருபத்தாறு வருடம் அவள் அரசுப் பரிசோதனைக் கூடத்தில் மருந்து மாதிரிகளைச் சோதித்தாள். அகச்சிவப்புக் கருவி அவள் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை ஒரு பொருளின் மேல் செலுத்தினால், அது எங்கெங்கே ஒளியை உறிஞ்சிக்கொள்கிறதோ அங்கெல்லாம் வரைபடத்தில் பள்ளம் விழும். எந்தப் பொருளுக்கு எங்கே பள்ளம் என்பது அவளுக்கு மனப்பாடம். மூச்சுக் காற்றுகூட அதில் பதியும் என்பதால், கருவிக்குப் பக்கத்தில் யார் வாயைத் திறந்தாலும் விரட்டுவாள். கூடத்தில் அவளுக்கு ‘மூச்சு அக்கா’ என்று பெயர்.

ஒருமுறை, ஒரு மருந்துக்கடையிலிருந்து வந்த இரத்த அழுத்த மாத்திரையில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். ‘கலப்படம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கடைக்குப் பூட்டு விழுந்தது. கடைக்காரர் தினமும் வந்து கூடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். சண்டை எதுவும் போடவில்லை.

அடுத்த வாரம், வேறு கம்பெனியின் கால்சியம் பொடியிலும் அதே பள்ளம். அன்று இரவு வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“என்ன, மேலதிகாரி ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. அந்த மாத்திரைக்கும் இந்தப் பொடிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரெண்டையும் தொட்டது நான் மட்டும்தான்.”

மறுநாள் மீதமிருந்த மாத்திரை அட்டையை ராமன் கருவியில் வைத்தாள். அது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வருவதைப் படிக்கும். அட்டையைப் பிரிக்கவே வேண்டாம். தெளிந்த பிளாஸ்டிக் வழியாகவே பார்க்கலாம். யார் கையும் படாத அந்த மாத்திரை சுத்தமாக இருந்தது. பிறகு தன் கைப்பையிலிருந்த க்ரீமை எடுத்து அகச்சிவப்புக் கருவியில் தடவினாள். அதே இடத்தில் பள்ளம். கரைப்பான் பட்டுக் கை வெடிக்கிறதே என்று நான் வாங்கிக் கொடுத்த க்ரீம். அதைத் தடவிய கையோடு, கையுறை போடும் முன்பே, மாத்திரை, பொடி எல்லாவற்றையும் அரைக்கும் கல்வத்தைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

தன் அறிக்கை தவறு என்று எழுதித் தரப்போவதாக அவள் சொன்னதும், மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அந்த ஆளு மேல்முறையீடு பண்ணட்டும்மா. நீங்களே போய் மாட்டிக்காதீங்க.”

“அவர் மாத்திரையில என் க்ரீமைக் கண்டுபிடிச்சிருக்கேன் சார். அவர் எதை வச்சு மேல்முறையீடு பண்ணுவார்?”

“மெமோ வரும்.”

“வரட்டும் சார். ஃபைல்ல இடம் இருக்கு.”

மெமோ வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. கடை திறந்தது.

“உங்க பெஞ்சுல உட்கார்ந்து முதுகே போச்சும்மா” என்றார் கடைக்காரர்.

“உங்க கடையிலயே மாத்திரை வாங்கிப் போடுங்க. நல்ல சரக்குதான், நான் பார்த்துட்டேன்.”

அதன் பிறகு, கூடத்தில் வேலை செய்பவர்களின் கையில் ஒட்டக்கூடிய ஒவ்வொன்றின் வரைபடத்தையும் அவள் பதிந்து வைக்கத் தொடங்கினாள்: சோப்பு, எண்ணெய், கையுறை மாவு. புதுப் பள்ளம் தெரிந்தால் முதலில் நம் கையைச் சந்தேகிக்க வேண்டும் என்பாள். போன வாரம் அவளுடைய இடத்தில் இருக்கும் பெண் போன் செய்தாள். அந்தத் தொகுப்பைப் பார்த்ததால், இன்னொரு கடை மேல் எழுதவிருந்த அறிக்கையை நிறுத்திவிட்டார்களாம். சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பதிய வேண்டியவை என்று அவள் எழுதிய பட்டியலில் முப்பத்தொரு பொருள்கள். இருபத்திரண்டு முடிந்திருக்கின்றன. இருபத்துமூன்றாவதாக அவள் வாங்கி வைத்த சோப்பின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.