கிளாரா அக்கா கதை சொன்ன திருவிழா

ஈரக் குடை, அணைந்த மெழுகுவர்த்தி, நனைந்த மல்லிகைப்பூ... இலங்கையில், நிவித்திகலப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில் திருவிழாவை நினைத்தால் இந்த வாசம்தான் முதலில் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் போய், தங்கள் பெயருக்குரிய புனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் ஏற்பாடு அது. சின்னதுகள் பாதியில் மறந்து அழும். என் அக்கா கிளாரா சொன்னால் மட்டும் கோயிலே வாயடைத்துப்போய்க் கேட்கும்.

அந்த வருஷம் அக்கா பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ/எல் எழுதியிருந்தாள். டீச்சராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவோ கலவானப் பக்கம் ஒரு ஆபீஸ் கிளாக்கர் மாப்பிள்ளையைப் பேசிவிட்டார்.

"பொண்ணு பாக்க வேற நாள் எதுக்குங்க? திருவிழாவுக்கே வந்துருங்க. கதை சொல்றப்ப பாத்துக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டாரை அழைத்ததும் அப்பாதான்.

என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா முக்காட்டோடு வந்து நின்றாள். கோயிலுக்குள் முக்காடு வழக்கம்தானே, யாரும் சந்தேகப்படவில்லை.

"புனித கிளாரா பெரிய எடத்துப் பொண்ணு. வீட்டுல கல்யாணம் பேசுனாங்க. அவங்களுக்கு இஷ்டமில்ல. வீட்ட விட்டுப் போயி, அழகான முடிய..."

அங்கே நிறுத்தினாள். முக்காட்டைத் தலையிலிருந்து இழுத்துப் போட்டாள்.

தலை, கவ்வாத்துக்காக ஒட்ட வெட்டின தேயிலைச் செடி மாதிரி இருந்தது.

காலையில் அம்மா பின்னிப் பூ வைத்துவிட்ட சடையைப் பையிலிருந்து எடுத்துப் பீடத்துப் படியில் வைத்தாள்... பூவோடு.

"அனே தெய்யனே!" என்று பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரே பாயில் படுக்கிற என்னிடமே அவள் மூச்சுக்கூட விடவில்லை!

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் நேராக அக்காவிடம் போய், தன் முந்தானையால் அந்தத் தலையை மூடினார்.

"வேணாம்னு வாய்ல சொல்லியிருக்கலாமே தாயி..."

"சொன்னேங்க. யாருமே காதுல போட்டுக்கல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கல்யாணப் பேச்சு அன்றோடு நின்றது. அப்பா ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. ஆனாலும் டிரெய்னிங் காலேஜுக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் புனிதர் கதை சொல்வது கிளாரா டீச்சர். போன மாதம் ஊருக்குப் போனபோது நானும் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். புனித கிளாரா கதையில் முடி வெட்டும் இடம் வந்ததும் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

"ஏன் டீச்சர் வெட்டுனாங்க? வேணாம்னு சொன்னா வீட்டுல விட்டுருவாங்கதானே?"

அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமாடி தங்கம், விட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த கதையைத் தொடங்கினாள்.