கண்ணம்மாளின் சக்கரத் தோட்டம்

நல்லம்பள்ளியில் பஸ் கண்டக்டர் பச்சியப்பன் வீட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு கோயில் இருக்கிறது. சுயம்பு அம்மன் என்கிறார்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் தருமபுரியிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். 1969இல் அந்த இடத்தில் கத்தரிக்காய் காய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பயிரிட்டவள் பச்சியப்பனின் மனைவி கண்ணம்மாள்.

தருமபுரியில் ஓர் அதிகாரியின் பங்களாவை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. புல்தரை, குரோட்டன்ஸ், ரோஜா, தண்ணீர் ஊற்ற ஓர் ஆள். "இத்தனை தண்ணிக்கு ஒரு கட்டுக் கீரைகூட இல்லையே" என்று முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து தன் புழக்கடையைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. சாணிக்குப்பை ஒரு பக்கம், நான்கு மிளகாய்ச் செடி ஒரு பக்கம். சோற்றுக்கு வழி செய்கிற இடம் கண்ணுக்கு ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்க வேண்டும்?

சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு பெரிய வண்டிச்சக்கரம் வரைந்தாள். நடுவில் ஏற்கெனவே நின்ற வேப்பமரம். ஆரக்கால்கள் நடைபாதை, இடைப்பட்ட இடமெல்லாம் பாத்தி. சிவப்புத் தண்டுக்கீரைக்குப் பக்கத்தில் பச்சைச் சிறுகீரை, ஊதாக் கத்தரிக்குப் பக்கத்தில் கொத்தமல்லி என்று நிறம் பார்த்து விதைத்தாள். உடைந்த ஓடுகளை வரிசையாக நட்டுக் கரை கட்டினாள். நுழைகிற இடத்தில் மூங்கிலை வளைத்து, ஒரு பக்கம் அவரையும் மறுபக்கம் புடலையும் ஏற்றினாள்.

"யாருக்குக் கண்ணாலம், பந்தல் போட்டிருக்கிறே?" என்றான் பச்சியப்பன்.

"புடலங்காய்க்கு. மொய் எழுதிட்டு உள்ள வாங்க."

வேப்பமரத்தடி நிழலில் மட்டும் எதுவும் வரவில்லை. அடுத்த வீட்டு ராணியம்மாளிடம் ஒரு துவைகல் உடைந்து கிடந்தது. நடுவில் பார்வைக்காக அதை நிறுத்தலாம் என்று கண்ணம்மாள் கேட்டாள். இருவருமாக உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"மெதுவாக்கா, என் கால் மேல வுட்டுடாதே. ஏற்கெனவே ஒரு கல்லைக் கட்டிக்கிட்டுத்தான் அழுவுறேன்."

கல் நிமிர்ந்து நின்றதும் ராணியம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "எங்க மாமியா மாதிரியே மொறைக்குது பாருக்கா." இருவரும் சிரித்த சிரிப்பில் தெருவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கல்லைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டாள். அடியில் எறும்பு புற்று வைத்தது. எறும்புக்கு எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: மஞ்சள்தூளைக் கொட்டினாள். போகாததால் கரைத்துக் கல்லின் மேலேயே ஊற்றினாள். இப்போது நீங்களே பாருங்கள். வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிய கல், சுற்றிலும் பூ. அது எப்படித் தெரிகிறது என்று கண்ணம்மாளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவள் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆடியில் ராணியம்மாளின் மகளுக்கு அம்மை வார்த்தது. இளநீரும் வேப்பிலையுமாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணம்மாள். சின்னம்மை எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்குகிற மாதிரி அந்தப் பெண்ணுக்கும் இறங்கியது. அந்த வெள்ளிக்கிழமை ராணியம்மாள் ஈரத் தலையோடு தோட்டத்துக்குள் வந்தாள். கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த கண்ணம்மாள் பேச்சுக் கொடுப்பதற்குள் அவள் கல்லுக்கு முன்னால் விழுந்து ஆடத் தொடங்கினாள்.

"நான் வந்து ஒரு வருசமாச்சுடா! ஒருத்தனும் கண்டுக்கலியேடா!"

கண்ணம்மாள் விளையாட்டென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு ஊர் அவள்மேல் குற்றமாகச் சொன்னது.

ஒரே வாரத்தில் கல்லுக்குச் சிவப்புச் சேலை வந்தது, சூலம் வந்தது. பச்சியப்பனின் அண்ணன் தீர்த்தகிரி கொட்டகை போட ஆள் கூட்டிவந்தார். கீரைப் பாத்தியில் கம்பம் நட்டார்கள். கண்ணம்மாள் கணவனிடம் ஓடினாள். "சாமி காரியம். நான் வண்டியில தெனமும் போய் வர்றவன். என்னை வுட்டுடு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். கோயிலுக்கு இடம் விடுவதாக ஊர்ப் பெரியவர்களிடம் அவன் ஏற்கெனவே தலையாட்டியிருந்தான்.

பெரியவர்கள் கூடிய அன்று அவளே முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இது துவைகல்லுங்க. ராணி வூட்டுக் கல்லு. நாங்க ரெண்டு பேருந்தான் உருட்டியாந்தோம். அவளையே கேளுங்க. அவ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என் தோட்டம் எனக்கு."

"சாமியை அழுக்குத்துணிக் கல்லுங்கிறியே, வாய் அழுகிடும் பொண்ணே" என்றார் தீர்த்தகிரி. ஆனாலும் திரும்பி, "என்னம்மா ராணி?" என்று கேட்டார்.

நெற்றி நிறைய குங்குமத்தோடு நின்ற ராணியம்மாள் நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது அங்கயே இருந்த கல்லுங்க."

அதற்குமேல் அங்கே பேச்சு இல்லை. இடம் கண்ணம்மாளின் வீட்டு இடம். வரைந்தவள், நட்டவள், தண்ணீர் சுமந்தவள் அவள். அவள் சொன்ன உண்மைக்கு இன்னொரு வாய் சாட்சி தேவைப்பட்டது. ஒரு பெண் தலைவிரித்து ஆடிச் சொன்ன பொய்க்கு எதுவும் தேவைப்படவில்லை. பக்தி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

சித்திரைக்குள் சக்கரம் முழுவதும் சிமெண்டுத் தரையாகிவிட்டது. ஒரு மத்தியானம் ராணியம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கிட்டப் பேசு. சாமி வந்ததுல இருந்து எம் புருசன் என்னைத் தொட்டு அடிக்கிறதில்லக்கா. மாமியா எனக்கு மொதல்ல சோறு போடுறா. நான் ஆமான்னு சொல்லியிருந்தா என்னைக் கொன்னுருப்பாங்க."

ராணியம்மாள் உடம்பில் தழும்புகள் எங்கெங்கே என்று கண்ணம்மாளுக்குத் தெரியும். மருந்து போட்டவள் அவள்தான்.

"சரி. ஊருக்குச் சொல்ல வேணாம். இப்ப யாரும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. அந்தக் கல்லு யாருது?"

ராணியம்மாளின் உதடு அசைந்தது. திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள். கை தானாகக் கும்பிட்டது.

"அப்படிச் சொல்லாதக்கா. அது ஆத்தா."

கண்ணம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.