கறுப்புக் குளவியின் பெயர்

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் அவரைக் குளவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, வாட்ச்மேனிலிருந்து தலைமை அதிகாரி வரை எல்லார் வாயிலும் அதுதான். குளவி என்றதும் பயந்து எட்டி நிற்க வேண்டாம். இவருடைய குளவிகள் கடுகில் பாதிகூட இருக்காது, யாரையும் கொட்டாது. எலுமிச்சைக் கிளையில் பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற செதில் பூச்சிக்குள் முட்டையிடும். புழு அந்தப் பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்துக் குளவியாகி, முதுகில் ஓட்டை போட்டு வெளியே வரும். எந்தக் குளவி எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது குளவியம்மாவின் உத்தியோகம்.

அதில் அவரை அசைக்க முடியாது. ஒரு செதில் பூச்சிக்கு ஒரு காலி மருந்து கேப்ஸ்யூல். அதற்குள் தனியாக அடைத்துவிட்டுக் காத்திருப்பார். மொத்தக் கிளையையும் ஒரே டப்பாவில் போட்டால், எது எதிலிருந்து வந்தது என்று அப்புறம் ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது என்பார். வந்த குளவியை ஸ்லைடில் ஏற்றி மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, இறக்கை ஓரத்து மயிரை அளந்து, பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவர் கணவர் டவுன் பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் கவனிப்பாரில்லாத எலுமிச்சைத் தோப்பு ஒன்று இருந்தது. பஸ்ஸைத் திருப்புவதற்கு முன் இறங்கி, பொருக்குப் பிடித்த குச்சியாகப் பார்த்து ஒடித்து, சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு குச்சியிலிருந்து மஞ்சள் குளவி நிறைய வந்தது. மஞ்சளுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. கூடவே கறுப்பாகச் சில. யாரும் எங்கும் பதிவு செய்யாத கறுப்பு. செத்த பூச்சியை ஊசியால் பிரித்துப் பார்த்தபோது, கறுப்பு வெளியேறியது செதில் பூச்சியிலிருந்து அல்ல, அதற்குள் இருந்த மஞ்சள் புழுவின் தோலிலிருந்து என்று தெரிந்தது. ஆக, மஞ்சள் குளவி விவசாயிக்கு நண்பன். நண்பனைத் தின்கிற கறுப்பு எதிரி. புது இனம் என்று எழுதி, கண்டெடுத்தவர் என்ற முறையில் கணவரின் பெயரையே அதற்கு வைத்தார்.

"ஊர்ல எவ்வளவோ நல்ல பூச்சி இருக்கு. எனக்குன்னு பார்த்து ஒரு வில்லனைப் பிடிச்சிருக்கியே" என்றார் டிரைவர்.

"நீங்க கொண்டு வந்தது அதுதான். நான் என்ன பண்றது?"

"சரி விடு. வில்லனைத்தான் ஜனங்க மறக்க மாட்டாங்க."

கட்டுரை அச்சாகி வருவதற்குள், டெப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். கறுப்புக் குளவியின் படமும் அப்பாவின் பெயரும் இருந்த பக்கத்தைக் குளவியம்மா சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதைக் காட்டுவாள் மகள்.

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருஷம், நிலையத்தில் மஞ்சளைப் பெருக்கித் தோப்புகளில் விட ஒரு வளர்ப்பறை கட்டினார்கள். குளவியம்மாவின் கட்டுரைப்படி, கறுப்பு தலைகாட்டியதும் உறிஞ்சு குழாயால் பிடித்துக் கொன்றுவிட வேண்டும். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட, எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற ஊழியர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைச் செய்தார். முதல் ஈடு மஞ்சள் அமோகமாக வரும். அடுத்த ஈட்டில் பார்த்தால் எல்லாம் கறுப்பு. வலையை மாற்றினார்கள், ஜன்னல் இடுக்கை அடைத்தார்கள், தோப்பிலிருந்து புதிதாகப் பிடித்து வந்தார்கள். வருஷக்கணக்கில் அதே கதை. கடைசியில் தலைமை அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்கு மேல என்னால மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாதும்மா. மூடிடலாம்" என்றார்.

எதிரி எந்த வழியாக உள்ளே வருகிறான் என்று பார்த்துவிடுவது எனக் குளவியம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். கேப்ஸ்யூலில் அப்போதுதான் பிறந்த, வேறு எந்தக் குளவியையும் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு மஞ்சள் குளவியை எடுத்தார். உள்ளே மஞ்சள் புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்த செதில் பூச்சிக் கிளை ஒன்றை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியோடு அந்தக் குளவியைக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பஞ்சால் அடைத்தார். மறு பாதியை வேறு குழாயில் சும்மா வைத்தார். சும்மா வைத்ததில் மஞ்சள் மட்டுமே வந்தது. குளவி இருந்த குழாயில் கறுப்பு வந்தது.

அந்தக் கறுப்புக்கு வேறு தாய் இருக்க வழியே இல்லை.

கறுப்பு எதிரி இல்லை, மஞ்சளின் ஆண். தாய் தன் பெண் முட்டையைச் செதில் பூச்சிக்குள் வைக்கிறது. ஆண் முட்டையைத் தன் இனத்தின் புழு மேலேயே வைக்கிறது. சில குளவிகளில் இப்படி உண்டு என்று இவரே வகுப்பு எடுத்திருக்கிறார். ஆணோடு சேராத குளவி ஆண் முட்டை மட்டுமே இடும்; கறுப்பைக் கொன்றதால்தான் அடுத்த ஈடெல்லாம் கறுப்பாகவே வந்தது. முதல் குச்சியில் கிடைத்த கறுப்பு அத்தனையும் ஆண். பெண் பிறகு கிடைக்கும் என்று எழுதினார். மஞ்சள் அத்தனையும் பெண். ஆணே இல்லாமல் பெருகும் குளவி உலகத்தில் இருக்கிறதே என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். குளவி படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. ஒன்றும் படிக்காதவன் பார்த்திருந்தால், இது புருஷன் பெண்டாட்டியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையதுதான் நிற்கும். மஞ்சளின் பெயர் பழையது.

கறுப்பைக் கொல்லாமல் விட்டுப் பாருங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அச்சில் எதுவும் எழுதாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் யோசித்தார். அறையும் பிழைக்கும், பெயரும் பிழைக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை இனித்தது என்பதுதான் உண்மை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ அப்பா பேரு போயிடுமா?"

"போயிடும். செல்லாத பேருன்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் ஏம்மா? நீயே வச்சுட்டு நீயே எடுக்கணுமா?" மகளுக்குக் குரல் உடைந்தது. "எனக்கு அப்பா முகமே சரியா ஞாபகம் இல்ல. அந்தப் பேருதான் இருந்துச்சு."

குளவியம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது; அடக்கவில்லை.

"நான் எழுதினதை நம்பித்தான் பாப்பா இத்தனை வருஷமா அதைப் பிடிச்சுப் பிடிச்சுக் கொன்னாங்க. இங்க மட்டும் இல்ல, அதைப் படிச்ச இடத்துல எல்லாம். எழுதினாத்தான் நிறுத்துவாங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அப்போ அது வில்லன் இல்லையா?"

"இல்ல. அது இல்லாம மஞ்சளுக்கு ஆண் மட்டும்தான் பொறக்கும். பொண்ணு பொறக்காது."

மகள் எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து அம்மா கையில் கொடுத்தாள்.

"எழுதும்மா" என்றாள்.