‘அழைத்தீரே’ என்கிற இடம்

தொண்டை டாக்டர் பாட்டு டீச்சரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு மாசம் பேசவே பேசாதீங்க” என்றார்.

“வீட்டுல அப்படித்தான் டாக்டர் இருக்கேன்” என்றாள் டீச்சர்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். டீச்சரும் கூடச் சிரித்து வைத்தாள். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். அவன் பேசுவான், இவள் ‘ம்’ கொட்டுவாள். மற்றபடி குக்கர் விசில் அடித்தால், “வர்றேன் வர்றேன், ஏன் கத்துற” என்று அதனிடம் சொல்வதுதான் சனி ஞாயிறில் அவள் வாய் திறக்கிற ஒரே சந்தர்ப்பம்.

உள்ளங்கையில் காய்ப்பு விழுகிற மாதிரி குரல் நாணில் விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். பேச்சு வரும், கீழ்க்குரல் வரும், மேலே போகாது. “போகணும்னு முட்டிக்கிட்டு நின்னீங்கன்னா இருக்கிறதும் போயிடும். என்ன வேலை பாக்குறீங்க?”

“கிளார்க்கு” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பாட்டு டீச்சர் என்று சொன்னால் அந்த மனிதர் பரிதாபப்படுவார். அந்தப் பரிதாபத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து எங்கே வைப்பது?

கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பள்ளிக்கூடத்தில், மாடித் தாழ்வாரத்தின் கடைசியில், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறைக்கு அடுத்தது பாட்டு ரூம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். ஒரு ஆர்மோனியம், ஒரு கரும்பலகை, ஒரு சுருண்ட பாய். பாட்டு பீரியட் என்றாலே பள்ளிக்கூடத்தில் கிள்ளுக்கீரை. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து, “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுங்களேன்” என்று வாங்கிக்கொண்டு போவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த மாதிரி நாட்களில் டீச்சர் காலி அறையில் உட்கார்ந்து ஆர்மோனியத்தின் கட்டைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். துடைத்துத் துடைத்து அவை பளபளவென்று இருந்தன.

ஆனால் பிள்ளைகள் வந்துவிட்டால் கதையே வேறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இடித்துத் தள்ளிக்கொண்டு, ராகம் இழுத்து, “குட்மார்னிங் டீச்ச்ச்சர்” என்று அத்தனை வாயும் ஒன்றாகச் சொல்லும். ஒரு வாரத்தில் யாராவது அவளைப் பார்த்து வாய் நிறையக் கூப்பிடுவது அங்கே மட்டும்தான். இதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்: அந்தக் கூப்பாட்டுக்காகத்தான் அவள் காலையில் எழுந்து தலை சீவினாள்.

பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் தலைமையாசிரியை பொல்லாதவர் இல்லை. பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமே என்ற கவலை உள்ளவர், அவ்வளவுதான். போன வருடம் வகுப்புக்கு வகுப்பு ஒலிபெருக்கிப் பெட்டி மாட்டினார். ஆசிரியர் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக, “பாட்டெல்லாம்கூட அதுலயே வருதாம். ஸ்விட்ச் போட பி.டி. மாஸ்டர் போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு மட்டும் அந்தப் பேச்சு மறக்கவில்லை. இப்போது குரல் போனது வெளியே தெரிந்தால் பெட்டி பாட ஆரம்பித்துவிடும். அப்புறம் இந்த ரூமில் உடைந்த பெஞ்சுகள் இன்னும் தாராளமாக இருக்கலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் சின்னக் கோயிலான சாப்பலைப் புதுப்பித்திருந்தார்கள், அதை மந்திரித்துத் திறந்து வைக்க வருகிறாராம். பள்ளிக்கூடத்துக்கென்று எந்தக் காலத்திலோ ஒரு சாமியார் எழுதி வைத்த பாட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட வேண்டுமாம். “சின்னப் பிள்ளைங்க பாடினாத்தான் ஆயர் ஆண்டகைக்குப் பிடிக்கும்” என்றார் பெரிய சிஸ்டர்.

அந்தப் பாட்டில் ‘தூரத்தில் நின்ற என்னை அழைத்தீரே’ என்று ஒரு வரி. ‘அழைத்தீரே’ என்கிற இடத்தில் சுரம் ஒரே எட்டில் மேலே ஏறும். எழுதிய சாமியாருக்கு நல்ல தொண்டை போலிருக்கிறது. டீச்சர் முதலில் சுருதியை இறக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அதற்கும் கீழே போனால் பிள்ளைகள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. சரி என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியோ ஒப்பேற்றினாள். எப்படியென்றால், ‘அழை’ வரைக்கும் வந்து சட்டென்று நிறுத்துவாள். எச்சிலை விழுங்குவாள். வலிக்கிற இடத்தில் கை தானாகத் தொண்டைக்குப் போகும். மிச்சம் உள்ள ‘த்தீரே’யை அடித்தொண்டையில் மெதுவாகச் சொல்லி முடித்து, மற்றொரு கையை உயர்த்திக் காட்டுவாள். ‘நான் இங்கே இறங்கினாலும் நீங்கள் அங்கே ஏறுங்கள்’ என்று அதற்கு அர்த்தம். அது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

ஒரு நாள் பாட்டு நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே போனாள். குழாயடியில் நின்றபோது உள்ளே பிள்ளைகள் தாங்களாகவே பாடுவது கேட்டது. அந்த வரி வந்தது. ‘அழை’ என்றார்கள். எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் வகுப்பு மொத்தமும் எச்சில் விழுங்கியது. பிறகு அத்தனை பேரும் கரகரவென்று கீழே இறங்கி, ‘த்தீரே’ என்றார்கள்.

டீச்சருக்கு உச்சந்தலை சூடானது. விடுவிடுவென்று உள்ளே போனாள். வரிசை வரிசையாகக் கைகள் தொண்டையில் இருந்தன.

“யாரு ஆரம்பிச்சது? கேலி பண்றீங்களா?”

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். முன்வரிசையில் ஓட்டைப்பல் என்று பெயர் வாங்கிய பெண் இருந்தாள். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் கிடையாது என்றாலும் பட்டப்பெயர் அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“நீங்க அப்படித்தானே டீச்சர் பாடினீங்க? கைய வைக்க நாங்க மறக்கவே இல்ல.”

கேலி இல்லை. கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை பாட்டே அதுதான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் படாத பாடு இல்லை. ஆர்மோனியத்தில் அந்தச் சுரத்தை அழுத்திக் காட்டினாள். பிள்ளைகள் கட்டையைப் பார்த்தா பாடுகிறார்கள், டீச்சரின் வாயைப் பார்த்தல்லவா பாடுகிறார்கள்! கையைக் கட்டிக்கொண்டு பாடச் சொன்னாள். கட்டிய கை அந்த இடம் வந்ததும் அவிழ்ந்துகொண்டு மேலே போனது. யாராவது ஒருவர் சரியாக ஒரு தடவை பாடிக் காட்டினால் போதும். அந்த ஒரு தடவைதான் அவளிடம் இல்லை. ஆயர் வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே பாடினால் சாப்பலே சிரிக்கும், சிரிப்பு பிள்ளைகள் தலையில் விழும்.

அந்தப் பாட்டு தெரிந்த இன்னொரு ஆள் பள்ளிக்கூடத்தில் பெரிய சிஸ்டர் மட்டும்தான். டீச்சர் அவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், தண்ணீர் குடிக்கப் போனாள், திரும்பவும் வந்து நின்றாள். உள்ளே போய் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. “பாட்டு டீச்சருக்குக் குரல் இல்லைன்னு பேரண்ட்ஸ் காதுக்குப் போனா, என்கிட்ட வந்து நிப்பாங்க. அப்புறம் பெட்டியப் போடுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. தெரியாத வரைக்கும் நீங்க இருங்க. வெளியில வாயத் திறக்காதீங்க, அவ்வளவுதான்.”

“சரி சிஸ்டர்.”

மறுநாள் அவரே பாட்டு ரூமுக்கு வந்தார். வெண்கல மணி மாதிரிக் குரல் அந்த அம்மாவுக்கு. ‘அழைத்தீரே’ என்று ஒரு தடவை ஏறிக் காட்டினார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள், உடனே ஏறினார்கள். நிறுத்தல், விழுங்கல், கை எல்லாம் அந்தப் பீரியட் முடிவதற்குள் காணாமல் போனது. “பாத்தீங்களா, சுலபம்தான்” என்று டீச்சரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டீச்சர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆயர் வந்த அன்று சாப்பலில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பெற்றோர்கள் சுவரோரம்கூட நின்றார்கள். மைக்குக்கு முன்னால் பிள்ளைகள், பக்கத்தில் ஆர்மோனியத்தோடு டீச்சர். பாட்டு பிசிறில்லாமல் போனது. அந்த வரியில் பிள்ளைகள் ஏறியபோது ஆயரே நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் கட்டைகளைப் பார்த்தபடியே வாசித்தாள். அந்தப் பாட்டில் தான் எங்கேயுமே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் ஆயர் நேராகப் பிள்ளைகளிடம் வந்தார். பேச்சுக்காரர் அவர். “இவ்வளவு அழகா யாரு சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்க, அத்தனை விரலும் டீச்சரைக் காட்டின.

“அப்படியா! அம்மா, நீங்களும் எங்களுக்காக ஒரு வரி பாடுங்களேன்.”

டீச்சரின் கை துருத்தியிலேயே நின்றது. பெரிய சிஸ்டர் குறுக்கே வந்தார். “டீச்சர் பாட மாட்டாங்க, ஆண்டகை. சொல்லிக் கொடுக்கிறதோட சரி. பாட வராது.”

காப்பாற்றத்தான் சொன்னார். டீச்சருக்கும் அது தெரியும். தெரிந்தும், சுரீரென்றது.

“பாடுவாங்க!” என்றாள் ஓட்டைப்பல். தன் டீச்சரைப் பற்றி ஒரு பெரிய மனிதரிடம் தப்பாகச் சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. “எங்க டீச்சர் நல்லாப் பாடுவாங்க! இப்படி!” அவள் எடுக்க, பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொள்ள, வரிசை மொத்தமும் பாடியது. தூரத்தில் நின்ற என்னை, அழை. நிறுத்தினார்கள். மைக்கில் அத்தனை பேரும் எச்சில் விழுங்கியது கேட்டது. கை தொண்டைக்குப் போனது. த்தீரே என்று கரகரத்து இறங்கினார்கள்.

சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு அப்பா, “என்னங்க இது, சர்க்கஸா?” என்றார். பெரிய சிஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. “டீச்சரையே கேலி பண்றீங்களா? அதுவும் ஆண்டகை முன்னாடி! எல்லாரும் சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க” என்றார். அவர் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு எதைச் சொன்னாலும் உண்மை வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொண்டையில் வைத்த கையை எடுக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் நின்றார்கள். ஒருவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு நாலு திட்டு விழும், நாளைக்கே மறந்துபோவார்கள். பாட்டு ரூம் அவளுடையதாகவே இருக்கும். திங்கட்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கூப்பிடுவார்கள். இத்தனையும் அவளுக்கு அந்த நிமிடத்தில் தெளிவாகத் தெரிந்தது. எதிரில் இருந்த பெற்றோர்கள் முகங்களும் தெரிந்தன.

அவள் எழுந்து மைக் பக்கம் வந்தாள்.

“கேலி இல்ல சிஸ்டர்” என்றாள். காய்த்துப்போன அந்தக் குரல் மைக்கில் ஏறிச் சாப்பல் முழுவதும் கேட்டது. “அவங்க சரியாத்தான் பாடினாங்க. எனக்கு மேல போகாது. நான் இப்படித்தான் பாடுறேன்.”

பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஓட்டைப்பல், “நான்தான் சொன்னேன்ல” என்று பக்கத்துப் பையனை முழங்கையால் இடித்தாள்.