பேர் சொல்லாமல் விட்ட பாட்டு

இன்று காலை உப்பளம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு, எங்கள் பாட்டுகளை விற்கும் பத்திரத்தைப் பிரிண்ட் எடுக்கப் போனேன்.

எடுத்தும் விட்டேன். கையெழுத்துதான் விழவில்லை. (காப்பி இருந்தால் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், சொல்கிறேன்.)

புதிதாக வந்தவர்களுக்கு: நான் ஐந்து பேர் கொண்ட ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். கல்யாணம், கோயில் திருவிழா எதையும் விடமாட்டோம். எங்கள் கீபோர்டு ஜாபர் அண்ணன் சொந்தமாகப் பத்துப் பாட்டுக்கு மெட்டுப் போட்டார். ஒரு சிடி கம்பெனி கேட்டது. ஒரே தடவை ஒரு தொகை, அதோடு பாட்டு அவர்களுடையது. உறையில் எங்கள் பேர்கூட வராது.

"பாட்டு என்னுது, பேரு மட்டும் அவனுதா?" என்று அண்ணன் கொதித்துப்போனார்.

அதனால் ஐந்து பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு வெப்சைட் திறந்தோம். பாட்டை அங்கேயே சும்மா கேட்கலாம். பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம். வருவது ஐவருக்கும் சமம். பணம் வந்தாலும் திட்டு வந்தாலும் மெயிலில் தெரியும். மெயில் பார்ப்பது என் வேலை.

முதல் நாளே மூன்று மெயில். மூன்றும் திட்டு.

"திருவிழாவுல சும்மா கேட்ட பாட்டுக்கு இப்ப காசு கேக்கறீங்களா?" என்று ஒருவர். "பெரிய ஆளாயிட்டீங்களா?" என்று இன்னொருவர். மூன்றாவதை இங்கே எழுத முடியாது.

அன்றோடு மெயில் பெட்டியை மூடியவள், ஒரு மாதம் திறக்கவே இல்லை. அண்ணன் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் வரலண்ணே" என்றேன். பாவி நான், பயத்தில் சொன்ன பொய். அவரும் நம்பி, போன வாரம் கம்பெனிக்குச் சரி சொல்லிவிட்டார். அப்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரத்துக்காகப் பிரிண்டர் பக்கத்தில் நிற்கிறேன். ஹெட்போன் மாட்டியிருந்த ஓர் அக்கா கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறார்.

"பாட்டு வருது, எங்க ஊட்டுக்காரர் பேரு வரலியே. நீ என்னாத்த அமுக்கின?"

"நான் என்னாக்கா பண்ணுவேன்? பாடினவங்களே இதோ நிக்கறாங்க, கேளு."

அக்கா என் பக்கம் திரும்பினார். பேர் லூர்து. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில், நம்மூர்ப் பேச்சில் சொல்தா.

"கார்டுல காசு அனுப்பிச்சி, பேரும் எழுதினாராம். பத்து ரூவா குத்தினாகூட மேடையில பேரு சொல்றீங்க இல்ல? இது யூரோம்மா."

நம்மூர்க் கச்சேரி தெரியுமே. பிடித்த பாட்டை எழுதிய சீட்டில் ரூபாய் நோட்டைக் குத்தி மேடைக்கு அனுப்புவார்கள். "இன்னார் அன்பளிப்பு" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பாடுவோம். வெப்சைட்டில் அதை மட்டும் மறந்திருக்கிறோம்.

அப்படியென்றால் காசு வந்திருக்கிறது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன்.

பக்கம் பக்கமாக மெயில். வீராம்பட்டினம், நோணாங்குப்பம், சிங்கப்பூர், பாரீஸ். திட்டும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் பணம் அனுப்பியவர்கள். அவர்கள் எல்லாருக்கும் ஒரே புகார்: பேர் ஏன் சொல்லவில்லை?

அழுதுவிட்டேன். (கடைக்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். நல்ல மனுஷன்.)

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, காசு வந்திருக்குண்ணே. ஒரு மாசமா வந்துகினு இருக்கு. நான்தான் தொறந்து பாக்கல."

அண்ணன் முதலில் கேட்டது இதுதான்:

"கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்லண்ணே."

"அப்பாடா" என்றார். அப்புறம்தான் திட்டினார். நிறைய. கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

லூர்து அக்கா மட்டும் நகரவில்லை. "எனக்கு இன்னா பதிலு?"

மெயிலில் அவர் வீட்டுக்காரர் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன். கடையில் எல்லாரும் பார்க்க, மேடைக் குரலில் சொன்னேன்: "அடுத்த பாடலுக்கு அன்பளிப்பு வழங்கியவர், பிரான்சிலிருந்து திரு. சவரிராஜ் அவர்கள்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தபா சொல்லு. அவருக்குப் போன் போடறேன்."

சொன்னேன்.

பேர் வேண்டும் என்றுதான் நாங்களும் கம்பெனியை வேண்டாம் என்றோம். கேட்கிறவர்களுக்கும் அதே ஆசை இருக்கும் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணம் அனுப்பியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்கள் பேரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். இனி ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சொல்வோம்.

இதுவரை மெயிலில் வந்த பேர்களை எழுதத் தொடங்கிவிட்டேன், பத்திரத்தின் பின்பக்கத்தில். இடம் போதவில்லை.