பானெட்டில் இருந்த சூடு

"டர்போ இன்னா, சாதா இன்னா, உனக்கு இன்னாம்மா தெரியும்? அப்பாவ கூட்டினு வா" என்றார், கும்மிடிப்பூண்டியில் பழைய சொகுசு கார் விற்பவர்.

அப்பா தொழிற்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தொழிற்சாலையில் கம்ப்ரசர்களைப் பராமரிக்கிறேன். காற்றை அழுத்தித் தள்ளும் எந்திரம் தேய்ந்தால் எண்ணெய் கக்கும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் அப்படித்தான்.

நான் வாங்கப் பார்த்த டர்போ வண்டியின் இன்ஜின் சீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. எண்ணெய்க் கசிவைத் துடைத்து மறைத்திருப்பார்களோ என்று உறுத்தியது. பானெட்டைத் தொட்டேன், சுட்டது. தேய்ந்த டர்போ, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகையாய்க் காட்டிக்கொடுக்கும்; முன்பே சூடாக்கிவிட்டால் அந்த முதல் புகை தெரியாது.

"காலைலேர்ந்து ஸ்டார்ட்டே பண்லம்மா."

"நிழல்ல நிக்கிற வண்டிக்குக் காய்ச்சலா அண்ணே?"

அவர் சிரித்தார். உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டச் சொன்னேன்.

"வாங்கிக்கினு கயட்டிப் பாரு."

என் மொத்தச் சேமிப்பையும் அந்தச் சிரிப்பை நம்பிக் கொடுக்க முடியவில்லை. எல்லா டர்போவும் மோசமில்லைதான். ஆனால் பழைய வண்டியில், பழுதை ஒளிக்க இடம் குறைந்த இன்ஜினே எனக்குப் போதும். மீஞ்சூரில் டர்போ இல்லாத வண்டி ஒன்று இருந்தது. "நான் வந்து தொடுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் ரயிலிலேயே ஏறிவிட்டேன்.