மூக்கும் கதிரையும்

மன்னாரில் வாத்தியாராக இருந்த முதல் வருடம், போர்த்துக்கீச மொழி தமிழுக்குச் சொந்தக்கார மொழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உட்காரும் கதிரை, மேசை, அலுமாரி என்று இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைக் கரும்பலகை நிறைய எழுதி, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றும் கேட்டேன். கத்தோலிக்க வீட்டில் பிறந்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது பாம்பாட்டிகள் சிலர் கழுதைகளோடு வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது தெலுங்கு. எனக்கு அது வெறும் இரைச்சல். ஒருநாள் மதியம், வேலிக்கு அப்பால் ஒருத்தி மடியில் கிடந்த குழந்தையின் முகத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கன்னு. முக்கு. செவி." பிறகு காலைப் பிடித்து, "காலு."

சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு நின்று கேட்டேன்.

எங்கள் ஊரில், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பனையும் சொந்தமாகத்தான் கொண்டாடுவோம். நத்தார் பண்டிகைக்கு உடுப்பு வாங்கி வருவார். ஆனால் பிள்ளையின் மூக்கு அவருடைய மூக்கைப் போல இருக்காது. கதிரையும் அலுமாரியும் கப்பலில் வந்திறங்கிய அன்பளிப்புகள். கண்ணையும் மூக்கையும் யாரும் கொண்டுவந்து தருவதில்லை. அவை ஒரு தாயிடமிருந்து இரண்டு வீட்டுக்கும் போனவை.

அடுத்த நாள் வகுப்பில், தெலுங்குதான் எங்களுக்கு இரத்த உறவு, போர்த்துக்கீசம் வெறும் ஞானத்தகப்பன் என்று திருத்திச் சொன்னேன்.

"இதை எங்க படிச்சனீங்கள் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

யன்னலுக்கு வெளியே கூடாரம் தெரிந்தது.

"ஒரு புத்தகத்தில" என்றேன்.